பொருள்: நேர்மின்வாய் எப்படி எதிர்க்குறி பெறும்? – அனோடு, கேத்தோடு கலைச்சொல்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம். மின்கலங்கள், எரிபொருள் மின்கலங்கள் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மூன்றாம் இயலில் ஒரு வாக்கியம் நான்கு நாளாக என்னை நகரவிடவில்லை: "டேனியல் மின்கலத்தில் துத்தநாகத் தகடு நேர்மின்வாய், அது எதிர்க்குறி உடையது."

அனோடுக்கு நேர்மின்வாய், கேத்தோடுக்கு எதிர்மின்வாய் என்றுதான் பாடநூல்களில் படித்து வந்திருக்கிறோம். மின்னாற்பகுப்புக்கு இது சரி. அங்கே அனோடு வெளியிலிருக்கும் மின்மூலத்தின் நேர்முனையோடு இணைந்திருக்கிறது. தானே மின்சாரம் தரும் மின்கலத்தில் அனோடு எதிர்முனையாக இருக்கிறது. எனக்கு வேண்டியது குறியைச் சொல்லாத ஒரு சொல்லிணை. வியாழன் இரவுக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

வேதியியல் ஆசிரியை:

ஐயா, இதை நான் வகுப்பில் கண்ணால் பார்த்திருக்கிறேன். டேனியல் மின்கலம் என்பது இரண்டு முகவை. ஒன்றில் துத்தநாக சல்பேட்டு, மற்றதில் நீலநிறத் தாமிர சல்பேட்டு, நடுவில் உப்புப் பாலம். ஒரு மாணவி மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பியைத் துத்தநாகத் தகட்டில் வைத்தாள். திரையில் −1.1 வந்தது. கம்பியின் நுனியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் −1.1. "மீட்டர் கெட்டுப்போச்சு டீச்சர்" என்றாள். அவள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. துத்தநாகம் நேர்மின்வாய் என்று புத்தகம் சொல்கிறது. நேருக்குச் சிவப்பு என்று சொல்லிக்கொடுத்தவள் நான். பிழை சொல்லில் இருக்கிறது.

ஆக்சிஜனேற்றம் நடக்கும் இடம் அனோடு. வேதிப்பொருள் அங்கே எலக்ட்ரானை விடுகிறது. ஒடுக்கம் நடக்கும் இடம் கேத்தோடு. அங்கே எலக்ட்ரானைக் கொள்கிறது. எந்தக் கருவிக்குப் போனாலும் இது மாறாது, குறிதான் மாறும். அதனால் விடுவாய், கொள்வாய் என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

புலவர்:

ஆசிரியை அம்மா சொன்ன இணையில் 'வாய்' நிற்பது எனக்கு மகிழ்ச்சி. மின்வாய் என்பதைப் பலர் மின்சாரத்தின் வாய், உண்ணும் வாய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வாய் என்பதற்கு வழி, இடம் என்ற பொருள் பழமையானது. "செல்லும்வாய் எல்லாஞ் செயல்" என்ற குறளில் வரும் வாய் அதுதான். வாய்க்காலும் வாயிலும் அதே வேர். எலக்ட்ரோடு என்ற சொல்லின் பின்பாதியான கிரேக்கச் சொல்லுக்கும் வழி என்றே பொருள். ஆக மின்வாய் மிகப் பொருத்தமான ஆக்கம். அதைக் கைவிடவே கூடாது.

அனோடு பிறந்த கதையையும் பார்க்க வேண்டும். 1834-இல் மின்னாற்பகுப்பை ஆராய்ந்த ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே தமக்குப் புதுச் சொற்கள் வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் வியூவலுக்குக் கடிதம் எழுதினார். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897-இல்தான். மின்சாரம் உண்மையில் எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரியாத காலத்தில், நாளை கொள்கை மாறினாலும் தம் சொல் கெடக் கூடாது என்று அவர் எண்ணினார். மின்னோட்டம் கிழக்கிலிருந்து மேற்காக, ஞாயிறு செல்லும் வழியே செல்வதாக வைத்துக்கொண்டு, எழும் பக்கத்து வழி அனோடு, இறங்கும் பக்கத்து வழி கேத்தோடு என்று முடிவாயிற்று. நேர், எதிர் என்ற பேச்சே அதில் இல்லை. அவர்கள் கவனமாக விலக்கிய குறியை நாம்தான் தமிழில் கொண்டுவந்து சேர்த்தோம்.

கிரேக்கத்தைப் பார்த்து மேல்வாய், கீழ்வாய் என்று பெயர்த்துவிடவும் கூடாது. நமக்குக் கிழக்கு கீழ் என்பதிலிருந்து வந்தது, மேற்கு மேல் என்பதிலிருந்து வந்தது. நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்த நாட்டில் பிறந்த சொற்கள். கிரேக்கருக்கு மேலே எழுவது கிழக்கு. நம் சொல்லில் மேலே இருப்பது மேற்கு. பொருள் தலைகீழாகிவிடும்.

ஆனால் நம்மிடம் குணக்கு, குடக்கு உண்டு. இளங்கோவடிகள் துறவு பூண்டிருந்த இடம் குணவாயிற்கோட்டம். குடவாயில் சங்கப் புலவர் ஒருவரின் ஊர். கிழக்கு வாயில், மேற்கு வாயில். ஃபாரடேயும் வியூவலும் தேடிய சொல் நம் இலக்கியத்தில் ஆயத்தமாக இருக்கிறது. அனோடு குணவாய், கேத்தோடு குடவாய். இதைவிடத் துல்லியமான இணை கிடையாது.

ஆய்வக மாணவர்:

புலவர் ஐயா, படித்ததும் எழுந்து நடந்தேன், அவ்வளவு அழகாக இருந்தது. ஆனாலும் ஏற்க முடியவில்லை. குணவாய்க்கும் குடவாய்க்கும் நடுவில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. தேர்வுத் தாளில் ஒரு கை நடுக்கம் போதும், விடை தலைகீழாகிவிடும். குணம் என்றால் பண்பு என்றுதான் இன்று யாருக்கும் தோன்றும்.

டீச்சர் சொன்ன இணையில் எனக்கு வேறொரு தடை. நான் வேலை செய்வது லித்தியம் அயனி மின்கலத்தில். மின்சாரம் தரும்போது கிராஃபைட்டுப் பக்கத்தில் ஆக்சிஜனேற்றம் நடக்கிறது, அது அனோடு. மின்னேற்றம் செய்யும்போது அதே கிராஃபைட்டில் ஒடுக்கம் நடக்கிறது. இலக்கணப்படி அப்போது அது கேத்தோடு. ஆனால் எங்கள் துறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மின்னேற்றினாலும் இறக்கினாலும் கிராஃபைட்டு அனோடு, கோபால்ட்டு ஆக்சைடு கேத்தோடு என்றே எழுதுகிறோம். விடுவாய் என்று பெயர் வைத்துவிட்டு, அது கொண்டுகொண்டிருக்கும் நேரத்திலும் விடுவாய் என்று எழுதுவதா?

கவனியுங்கள், இங்கே மாறாதது குறி. கிராஃபைட்டு எப்போதும் எதிர்முனை. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கொண்டு மின்சாரம் தரும் எரிபொருள் மின்கலத்தைத் திருப்பி ஓட்டி நீரைப் பகுத்தாலும் இதே நிலைதான். ஹைட்ரஜன் பக்கம் இரண்டு வேளையும் எதிர்முனை. முதலில் அனோடு, திருப்பினால் கேத்தோடு. அதனால் எரிபொருள் மின்கலத்தின் ஒரு வகையான திண்ம ஆக்சைடு கலங்களில் வேலை செய்பவர்கள் எரிபொருள் மின்வாய், ஆக்சிஜன் மின்வாய் என்று சொல்லிச் சிக்கலைத் தவிர்த்துவிடுகிறார்கள். பேசாமல் நேர்முனை, எதிர்முனை என்று மட்டும் எழுதினால் என்ன?

ஆசிரியை:

தம்பி, துரு பிடிக்கும் ஆணிக்கு என்ன செய்வீர்கள்? ஒரே ஆணியில் ஒரு புள்ளி இரும்பை இழக்கிறது, சற்றுத் தள்ளி இன்னொரு புள்ளி ஆக்சிஜனை ஒடுக்குகிறது. இரண்டும் ஒரே உலோகத் துண்டு. மீட்டர் வைத்துப் பார்க்க அங்கே நேர்முனையும் இல்லை, எதிர்முனையும் இல்லை. அனோடு, கேத்தோடு இரண்டும் உண்டு. குறிக்கு ஒரு சொல்லிணை, செயலுக்கு ஒரு சொல்லிணை, இரண்டும் வேண்டும். இத்தனை நாள் ஒன்றை வைத்து இரண்டையும் சமாளித்ததுதான் சிக்கலே.

இலங்கையிலிருந்து ஒரு நண்பர்:

நாங்கள் படித்தது அனோட்டு, கதோட்டு. ஒட்சியேற்றம் அனோட்டில், தாழ்த்தல் கதோட்டில் என்று மனப்பாடம். நேர், எதிர் குழப்பம் எங்களுக்கு வந்ததே இல்லை. பெயர் குறியைச் சொல்லாவிட்டால் பிள்ளை குறியைத் தானே யோசித்துக் கண்டுபிடிக்கும். ஒலிபெயர்ப்பை ஏன் இவ்வளவு பகைக்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

புலவர்:

பகை இல்லை ஐயா. அனோட்டு என்று கேட்கும் பிள்ளைக்கு அந்தச் சொல்லிலிருந்து ஒன்றும் கிடைக்காது. விடு என்று கேட்டால் பாதிப் பாடம் கிடைத்துவிடும்.

ஆய்வகத் தம்பியின் தடைக்கு வருகிறேன். விடுவாய் வினைத்தொகை. காலம் கரந்து நிற்கும் தொகை. விட்ட வாய், விடுகின்ற வாய், விடும் வாய் மூன்றும் அதில் அடங்கும். மின்னேற்றும் நேரத்தில் அது விடவில்லை, சரி. முன்பு விட்டது, இனியும் விடும். ஊறுகாய் என்று ஊறி முடிந்த பின்னும் சொல்கிறோமே. உங்கள் துறையார் கிராஃபைட்டை எப்போதும் அனோடு என்று அழைக்கும் வழக்கம் நம் இலக்கணத்தில் தானாகவே பொருந்துகிறது.

ஆய்வக மாணவர்:

ஐயா, காலம் மறையலாம். எதிர்வினை மறையுமா? ஊறுகாய் ஊறாமல் இருப்பது ஒன்று, ஊறியதை உமிழ்வது இன்னொன்று. கிராஃபைட்டு சும்மா இருக்கவில்லை, நேர்மாறான வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

ஆசிரியை:

நேற்று இரண்டு சொல்லையும் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். என் முன்மொழிவில் நானே ஒரு குறை கண்டேன். "துத்தநாகம் விடுவாய்" என்றால் நீ துத்தநாகத்தை விடுவாய் என்று முன்னிலை வினைமுற்றாகப் படிக்கிறார்கள். "தாமிரம் கொள்வாய்" அதைவிட மோசம். விடுமுனை, கொள்முனை என்று மாற்றலாமா?

புலவர்:

முனை வேண்டாம். வெளியே கம்பியைத் தொடும் இடம் முனை. உள்ளே வினை நடக்கும் இடம் வாய். இந்த வேறுபாட்டையும் இழந்துவிட்டால் ஆணியில் முனையைத் தேட வேண்டிவரும். விடுமின்வாய், கொள்மின்வாய் என்று முழுதாக எழுதலாமே என்று நினைத்தேன். ஆனால் விடுமின் என்பது ஏவற்பன்மை: விடுங்கள் என்று பொருள். கொண்மின் என்பதும் அப்படியே. ஈதல் என்ற வினையை எடுக்கலாமா என்றால், ஈ, தா, கொடு மூன்றுக்கும் தொல்காப்பியம் வேறுவேறு தகுதி சொல்கிறது. ஈ என்பது தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்கும் சொல். துத்தநாகமும் தாமிரமும் யார் உயர்ந்தவர் என்று பார்க்க...

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். மணி பத்தரை ஆகிறது. ஈனி, ஏற்பு மின்வாய் என்ற சொற்களையும் நினைத்துப் பார்த்தேன். ஈனி என்ற சொல் அணைவுச் சேர்மங்களில் ஏற்கெனவே வேறு பொருளில் நிலைத்துவிட்டது, ஏற்பு மின்வாய் என்றால் மின்னேற்றும் இடம் என்று படிப்பார்கள். இரண்டும் வேண்டாம்.

நான் செய்யப்போவது இது. விடு மின்வாய், கொள் மின்வாய் என்று இடைவெளி விட்டு எழுதுகிறேன். இயலில் முதல்முறை வரும்போது அனோடு, கேத்தோடு என்பதையும் பக்கத்தில் தருகிறேன். நேர், எதிர் இரண்டையும் முனைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். மூன்றாம் இயல் வாக்கியம் இப்படி ஆகிறது: "துத்தநாகத் தகடு விடு மின்வாய், மின்கலத்தின் எதிர்முனை அதனோடு இணைந்துள்ளது." மின்னேற்றம் பற்றிய பகுதியில் இந்தப் பெயர்கள் இல்லாமல் கிராஃபைட்டு மின்வாய், ஆக்சைடு மின்வாய் என்று பொருளின் பெயராலேயே எழுதிவிடுகிறேன். தம்பியின் தடை நியாயமானது. அதற்கு என்னிடம் விடை இல்லை.

ஆசிரியை:

எனக்குச் சம்மதம். அடுத்த முறை சிவப்புக் கம்பியை எங்கே வைப்பது என்று அந்தப் பிள்ளை முனையைப் பார்த்து முடிவு செய்வாள்.

இலங்கை நண்பர்:

அனோட்டு பக்கத்திலேயே இருக்கிறதென்றால் எனக்கும் சரி.

புலவர்:

வினைத்தொகையைப் பிரித்து எழுதுவது பிழை. விடு மின்வாய் என்று இடைவெளி விட்டால் விடு என்பது ஏவலாகவே நிற்கும். அச்சுக்குப் போகட்டும், என் மறுப்பு இங்கே பதிவாக இருக்கட்டும். குணவாய், குடவாய் இரண்டையும் நான் என் கட்டுரைகளில் தொடர்ந்து எழுதுவேன்.

ஆய்வக மாணவர்:

நன்றி ஐயா. அப்புறம், ஒன்பதாம் இயலில் எலக்ட்ரோலைட்டுக்கு மின்பகுளி என்று வருகிறதா? மின்சாரத்தால் பகுக்கப்படுவது என்று பொருள். எங்கள் மின்கலத்தில் அது பகுபடவே கூடாது. பகுபட்டால் மின்கலத்தின் ஆயுள் குறைகிறது. அயனிகளைக் கடத்துவது மட்டும்தான் அதன் வேலை. இதற்கும் ஒரு சொல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:

வருகிறது தம்பி, முப்பது இடங்களுக்கு மேல். இந்தப் பதிப்பில் மின்பகுளியே இருக்கட்டும். திங்கட்கிழமை தனி இழையாகத் தொடங்குங்கள்.