லாரிப் பட்டையில் வேட்டைக்கத்தி: தண்ணீரில் தோய்க்கலாமா, எண்ணெயிலா?

வெண்ணாற்றங்கரை:
நமக்கு நீடாமங்கலம் பக்கம். லாரி ஸ்பிரிங் பட்டை ஒரு துண்டு கிடைத்தது, 6 மில்லி கனம். அதில் வெளிநாட்டு வேட்டைக்கத்தி மாதிரி, மடக்காத கத்தி ஒன்று நானே செய்யணும். வேட்டைக்கு இல்லை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தெரியும். கிடா வெட்டினால் தோல் உரிக்க, தோப்பில் சில்லறை வேலைக்கு. அலகு 8 அங்குலம் நினைத்திருக்கிறேன். ஊர்ப் பட்டறையில் அரிவாளைக் காய்ச்சி, இறுகுவதற்குத் தண்ணீரில்தான் தோய்க்கிறார்கள், வீடியோவில் எல்லாரும் எண்ணெய் என்கிறார்கள். எது சரி? பிடிக்கு என்ன மரம்?

உலைக்கூடம்:
8 அங்குலம் எதற்குத் தம்பி? தோல் உரிக்க 4 தாராளம். நீளம் கூடினால் நுனி எங்கே போகிறது என்று கைக்குத் தெரியாது. நுனியை முதுகு மட்டத்திலிருந்து கொஞ்சம் கீழே இறக்கி வை, குடலில் குத்தாது. கனத்தையும் 4 மில்லிக்குக் குறை.

முதலில் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி உமிச் சாம்பலில் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிடு, இல்லாவிட்டால் ரம்பப் பல்தான் போகும். வாய்ப்பக்கம் சீவும்போது 1 மில்லியாவது மிச்சம் வை, மெலிந்த வாயோடு தோய்த்தால் கோணிக்கொள்ளும்.

லாரிப் பட்டை பெரும்பாலும் சிலிக்கானோ குரோமியமோ கலந்த எஃகு, எண்ணெயிலேயே இறுகிவிடும். தண்ணீரில் போட்டு ‘டிங்’ என்று சத்தம் வந்தால் அலகு விரிசல் விட்டது, கதை முடிந்தது. கடலை எண்ணெய் போதும், 50-60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள், சூட்டில் எண்ணெய் இளகி அலகைச் சுற்றி நன்றாக ஓடும். காந்தம் ஒட்டாமல் போவது 770 டிகிரி வாக்கில், அதற்கு மேலும் கொஞ்சம் ஏற்றி 830-850 வந்ததும் நுனி கீழே இருக்க நேராக இறக்கு. வெயிலில் நெருப்பின் நிறம் ஏமாற்றும், அந்தியில் செய். எண்ணெய் தீப்பிடிக்கும், மூடி பக்கத்தில் இருக்கட்டும்.

இறுகியிருந்தால் அரம் வழுக்கும். அப்புறம் தாமதிக்காமல் 200 டிகிரிச் சூட்டில் 2 மணி நேரம் வை, ஆறவிட்டு மறுபடி ஒருமுறை. இதைச் செய்யாத கத்தி கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். கேக் சுடும் ஓவன் போதும், வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

குடந்தைவாசி:
பிடிக்குப் பூவரசு என்பார்கள், என் ஓட்டு புளிய மரத்து வைரத்துக்கு, அதாவது நடுவிலுள்ள கெட்டிக் கட்டைக்கு. எதுவானாலும் நன்றாகக் காய்ந்திருக்கணும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பச்சை மரத்தைப் பொருத்தினால் மாசி வெயிலில் சுருங்கி ஆணி துருத்திக்கொண்டு நிற்கும். ஆணிக்குப் பித்தளைக் கம்பி நல்லது, நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைகளில் துண்டு துணுக்கு கேட்டுப் பாருங்கள். அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை போகணும், பாதியில் நிறுத்தாதீர்கள். இது துருப்பிடிக்கும் எஃகு, துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். தோலுறைக்குள்ளேயே விட்டுவிட்டால் தோல் ஈரத்தை இழுத்து அலகைத் தின்றுவிடும்.

சாம்பாக்காரன்:
பழைய பட்டை என்றால் முடியளவு விரிசல் உள்ளே இருக்கும், தோய்க்கும்போதுதான் பல்லைக் காட்டும். ஸ்பிரிங் கடையில் புதுப் பட்டை வெட்டின மிச்சம் எடைக்குக் கிடைத்தால் அதை வாங்குங்கள். இன்னொன்று, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுத விதிகளில் தனி வகை, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தது தவிர. சின்னதாகவே செய்தாலும் இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை:
சரி, 4 அங்குலம். என்னுடையது பழைய பட்டைதான், புதுசு தேடுகிறேன். உலைக்கூடம் அண்ணே, கொட்டாங்கச்சிக் கரியில் அந்தச் சூடு வருமா, ஊதுலைக்கு ஹேர் டிரையர் தாங்குமா?

உலைக்கூடம்:
வரும். டிரையரை நெருப்பை விட்டுத் தள்ளி வைத்து, நடுவில் 3 அடி இரும்புக் குழாய் போடு. துத்தநாகம் பூசின கால்வனைஸ் குழாய் வேண்டாம், அந்தப் புகை ஆகாது.