மறு: அப்லிஃப்ட்டுக்கு 'மிதப்பு விசை' போதுமா?

> பள்ளிப் பாடநூலிலேயே 'மிதப்பு விசை' இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அப்லிஃப்ட் (uplift) என்பது கட்டுமானத்தை மேல்நோக்கித் தள்ளும் விசை. நிலத்தடித் தொட்டி டிசைன் செய்கிறவனுக்கு 'மிதப்பு விசை' என்ற சொல் பாதிக் கிணறுதான் தாண்டும். ஒரு கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறேன்.

உள்ளளவு 4 மீட்டருக்கு 3 மீட்டர், ஆழம் 2.5 மீட்டர், சுவர், தரை, மூடி எல்லாம் 20 செ.மீ. கனம் என்று ஒரு சம்ப். வெளியளவில் 43.4 கன மீட்டர், ஆக நீர்மட்டம் மூடி வரை ஏறினால் 43.4 டன் மேலே தள்ளும். கான்கிரீட்டோ 13.4 கன மீட்டர், எடை 33.5 டன்தான். காலித் தொட்டி கிளம்பிவிடும். சென்னையின் சதுப்பு நிலமான பள்ளிக்கரணைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் குழி தோண்டியவர்களுக்கு நீர்மட்டம் எங்கே நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூடி போடாமல், பக்கத்தில் மண்ணும் நிரப்பாமல் இருக்கும் நாட்கள் இன்னும் மோசம். அப்போது எடை 26 டன், குழியில் 1.75 மீட்டர் தண்ணீர் நின்றாலே போதும். குழித் தண்ணீரை இறைக்கும் மோட்டாரை நிறுத்திவிட்டு எல்லாரும் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் முடிந்தது கதை. அதனால்தான் மேஸ்திரி "சார், கிளம்பிடும், உள்ளே தண்ணி விட்டுடுங்க" என்கிறார். சரியான வைத்தியம், செலவும் இல்லை.

நிரந்தரத் தீர்வுக்குக் கான்கிரீட்டைக் கனமாக்கிக்கொண்டே போவது வீண். தரையைச் சுவருக்கு வெளியே சுற்றிலும் 45 செ.மீ. நீட்டினால் அதன் தலைமேல் நிற்கும் மண்ணும் நம் பக்கம் சேர்ந்துவிடும். நீரில் மூழ்கிய மண் என்று கன மீட்டருக்கு 0.9 டன் மட்டும் வைத்தாலும் எதிர்ப்பு, தள்ளலைப் போல் 1.25 மடங்கு வருகிறது. பாதுகாப்புக்கு வழக்கமாகக் கேட்பது 1.2 மடங்கு.

இதுவரை 'மிதப்பு' சரி. இனிமேல்தான் சிக்கல். தொட்டி இம்மியும் அசையவில்லை என்றே வையுங்கள், அப்போதும் தரையின் அடியில் சதுர மீட்டருக்கு 2.9 டன் அழுத்தம் மேல்நோக்கி இருக்கிறது. தரையின் சொந்த எடை அரை டன்னைக் கழித்தால் 2.4. காலித் தொட்டியின் தரை நடுவில் மேலே வளையும், ஆகவே அங்கே கம்பி மேல்முகத்தில் வேண்டும். பழக்கதோஷத்தில் கீழே மட்டும் கட்டினால் தரை வெடிக்கும். எதுவும் மிதக்காத இடத்தில் மிதப்பு விசை என்று எப்படி எழுதுவது? அணையும் மிதப்பதில்லை. பிரான்சில் பூசே அணை 1895-இல் உடைந்த பிறகுதான், கட்டுமானத்துக்குள் புகுந்து மேலே தள்ளும் நீரை அணைக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. காற்று தகரக் கூரையைத் தூக்குவதும் அப்லிஃப்ட்தான், அங்கே தண்ணீரே கிடையாது.

> 'மேலெழுச்சி' எப்படி?

அது நிலவியல்காரர்களுடையது, இமயமலை உயர்வதற்குச் சொல்வார்கள். அதோடு அது நிகழ்வின் பெயர், விசையின் பெயர் அல்ல.

என் ஓட்டு 'மேலுதைப்பு'. இலங்கைப் பாடநூல்களில் பழகிய சொல். அங்கேயும் அது மிதப்பு விசைக்குத்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் சொல்லுக்குள் மிதப்பு இல்லை, தண்ணீரும் இல்லை, கூரைக்கும் அணைக்கும் கூசாமல் பொருந்தும். மேலுதைப்பு விசை, மேலுதைப்பு அழுத்தம் என்று கிளையும் விடும். தொட்டி இடம்விட்டு எழும் நிகழ்வுக்கு மேஸ்திரியின் வாயிலிருந்தே 'கிளம்பல்' என்று எடுத்துக்கொள்ளலாம்: "கிளம்பலுக்கு எதிரான பாதுகாப்புக் காரணி 1.2". கொச்சை என்று சிலர் முகம் சுளிப்பார்கள், எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அப்புறம், வெளியே நீட்டும் அந்த 45 செ.மீ. பகுதியை சைட்டில் புரொஜெக்‌ஷன் என்றே சொல்கிறோம். நான் 'அடிநீட்டம்' என்று எழுதிப் பார்க்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.