கையில் கொடுப்பதா, கணக்கில் போடுவதா

குழு: அப்பா வழி உறவுகள்
ஞாயிற்றுக்கிழமை

சித்தப்பா, காலை 8:12
அனைவருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை தேவைப்படுகிறது. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு நான்கு ஆண்டுகளாகச் சம்பளத்தைக் கையில்தான் கொடுத்து வந்தோம். மாதந்தோறும் பணம் எடுக்கப் போவதும் சில்லறை மாற்றுவதும் சிரமமாக இருந்ததால், இரண்டு மாதங்களுக்கு முன்பு வங்கிக் கணக்கில் போடத் தொடங்கினேன். கணக்கு எண்ணை அவரேதான் கொண்டுவந்து கொடுத்தார். நேற்று வந்து, மறுபடியும் கையிலேயே கொடுத்துவிடுங்கள் என்கிறார். காரணம் கேட்டால் சொல்லத் தயங்குகிறார். கணக்கில் போட்டால் எனக்கும் பதிவு இருக்கும், அவரும் கொஞ்சம் சேமிப்பார் என்பதால், இப்படியே தொடரலாம் என்று நினைக்கிறேன்.

சித்தப்பா, காலை 8:14
அவருடைய வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படமெடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். எண்ணில் ஏதாவது பிழை இருக்கிறதா என்று அண்ணன் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா, காலை 8:20
தம்பி, முதலில் அந்தப் படத்தை அழித்துவிடு. இருபது பேர் இருக்கும் குழுவில் இன்னொருவரின் கணக்கு எண்ணும் முகவரியும் இருக்கக் கூடாது. நம் பிள்ளைகளின் வங்கிப் புத்தகத்தை யாராவது இப்படிப் போட்டால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

சித்தப்பா, காலை 8:22
அழித்துவிட்டேன் அண்ணா. யோசிக்காமல் செய்துவிட்டேன்.

பெரியப்பா, காலை 8:29
சரி. ஆனால் அழிப்பதற்கு முன்பு ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் கணக்கு ஓர் ஆணின் பெயரில் இருக்கிறது. அந்த அம்மாவுக்கென்று தனிக் கணக்கு இல்லையா?

சித்தப்பா, காலை 8:33
இல்லை, அது அவருடைய கணவரின் கணக்கு. குடும்பம் ஒன்றுதானே என்று நானும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

நான், காலை 8:47
சித்தப்பா, அவர் தயங்குவதற்கான காரணம் இதுவாகவே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் சட்ட உதவி மையத்துக்கு வரும் வீட்டுப் பணியாளர்கள் பலர் இதையேதான் சொல்கிறார்கள். கையில் வாங்கிய நாள்களில், வேலை முடித்து வீடு போகும் வழியிலேயே பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் மளிகைக் கடன் பாக்கியையும் கொடுத்துவிட்டு மிச்சத்தோடு வீட்டுக்குப் போவார்கள். கணக்குக்கு மாறிய பிறகு பணம் வந்த செய்தி கணவரின் கைபேசிக்குப் போகிறது, அட்டையும் அவரிடமே இருக்கிறது. மாதம் முழுவதும் பாடுபட்டவர் தன் சம்பளத்தையே ஒருவரிடம் கேட்டு வாங்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. இதை முதலாளி வீட்டில் வாய்விட்டுச் சொல்வது எந்தப் பெண்ணுக்கும் எளிதல்ல.

சித்தப்பா, காலை 8:52
ஆனால் அம்மா, எண்ணை அவரே கொடுத்தாரே. அது சம்மதம் இல்லையா?

நான், காலை 9:05
கொடுத்தார், உண்மைதான். ஆனால் நீங்கள் "கணக்கு எண் கொண்டுவாருங்கள்" என்று சொன்னபோது, எனக்குக் கணக்கு இல்லை, கையில் தருவதே எனக்கு வசதி என்று மறுத்துச் சொல்லும் இடம் அவருக்கு இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். வேலை போய்விடுமோ என்று பயந்து தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஏற்றுக்கொண்ட 189ஆவது ஒப்பந்தம் வீட்டுப் பணியாளர்களுக்காகவே எழுதப்பட்டது. அதன் 12ஆவது பிரிவு, சம்பளத்தைப் பணியாளரிடமே நேரடியாக, ரொக்கமாக, மாதத்துக்கு ஒரு முறையாவது கொடுக்க வேண்டும் என்று தொடங்குகிறது. நாட்டின் சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில், வங்கிப் பரிமாற்றம், காசோலை போன்ற வழிகளைப் பணியாளரின் சம்மதத்தோடு பயன்படுத்தலாம் என்று அதன் பிறகுதான் சொல்கிறது. அந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் கை, பிறகு சம்மதம், அதற்குப் பிறகே வங்கி. நேற்று அவர் வந்து கேட்டதன் மூலம், தன்னிடம் இருந்ததாக நீங்கள் நினைத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அண்ணன், காலை 9:18
தங்கை சொல்வதை ஏற்கிறேன். ஆனாலும் வங்கி வழியை ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது. மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர் அக்காவுக்கு நாங்கள் தொலைவில் இருந்தே கணக்கில்தான் போடுகிறோம். அது அவருடைய சொந்தக் கணக்கு. 2020இல் ஊரடங்கு வந்து பல வாரங்கள் அவரால் வர முடியாமல் போனபோதும் சம்பளம் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது. அதே தெருவில் கையில் வாங்கி வந்தவர்களில் பலர், வேலைக்குப் போனால்தான் சம்பளம் என்ற நிலையில் வெறும் கையோடு இருந்தார்கள். பின்னாளில் அந்த அக்கா தன் மகளின் படிப்புக்குக் கடன் கேட்டபோது, இரண்டு ஆண்டு வங்கிப் பதிவையே வருமானச் சான்றாகக் காட்ட முடிந்தது. கையில் வாங்கியிருந்தால் எதைக் காட்டியிருப்பார்?

நான், காலை 9:26
அண்ணா, அதையும் நான் மறுக்கவில்லை. உலகம் முழுவதும் 7 கோடியே 56 லட்சம் பேர் வீட்டு வேலை செய்கிறார்கள் என்றும், அவர்களில் நூற்றுக்கு 81 பேர் முறைசாரா நிலையில் இருக்கிறார்கள் என்றும் அதே அமைப்பு 2021இல் மதிப்பிட்டது. முக்கால்வாசிக்கும் சற்று மேற்பட்டவர்கள் பெண்கள். வேலை செய்ததற்கும் சம்பளம் வாங்கியதற்கும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் வாழ்நாளைக் கழிப்பவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். பதிவு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதிவு யார் கையில் இருக்கிறது, பணம் யார் கையில் இருக்கிறது என்பதே என் கவலை.

அத்தை, காலை 9:41
பதிவைப் பற்றிப் பேசுவதால் நான் இதுவரை யாரிடமும் முழுவதாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் மாமியாருக்கு நினைவு தடுமாறத் தொடங்கிய காலத்தில், சம்பளப் பணத்தை உறையில் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டு நான் அலுவலகம் போய்விடுவேன். வேலைக்கு வரும் பெண் அவரிடம் வாங்கிக்கொள்வார். ஒரு மாதம் அந்தப் பெண், சம்பளம் இன்னும் வரவில்லை என்றார். மாமியாரோ, என் கையால்தான் கொடுத்தேன் என்று அடித்துச் சொன்னார். நான் மாமியாரை நம்பினேன். அந்தப் பெண் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. மறுநாளிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான். ஐந்து மாதங்கள் கழித்துத் தலையணை உறையை மாற்றும்போது அந்த உறை பிரிக்கப்படாமல் உள்ளே இருந்தது. வீட்டைத் தேடிப் போய்ப் பணத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். பணத்தை வாங்கிக்கொண்டார், திரும்ப வேலைக்கு வர மாட்டேன் என்று மட்டும் சொன்னார். அன்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பழி அவர்மேல் விழுந்திருக்காது.

பெரியப்பா, காலை 9:50
எனக்கே இது தெரியாது அம்மா. சொன்னது நல்லதாயிற்று.

சித்தப்பா, காலை 9:58
அக்கா சொன்னதைப் படித்த பிறகு வங்கியே பாதுகாப்பு என்றுதான் இன்னும் தோன்றுகிறது. எல்லா நாடுகளும் அந்தத் திசையில்தானே போகின்றன?

நான், காலை 10:15
போகின்றன, ஆனால் வீட்டு வேலை என்று வரும்போது கொஞ்சம் நின்று யோசித்தே போகின்றன. இத்தாலியில் 2018 ஜூலை முதல் நிறுவனங்கள் சம்பளத்தை ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது, வீட்டுப் பணியாளர்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் 2013ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டம், சம்பளத்தை நேரடியாக ரொக்கத்தில் மாதத்துக்கு ஒரு முறையாவது கொடுக்க வேண்டும் என்கிறது. கூடவே ஒவ்வொரு முறையும் சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும், அதன் பிரதிகளை வீட்டுக்காரர் மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது, பணம் கையில் போனாலும் பதிவு இருக்க முடியும். அத்தை சொன்ன அந்த ஒரு வரியைத்தான் அந்தச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது.

அண்ணன், காலை 10:24
மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2009இல் ஊதியப் பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்து, நிறுவனங்கள் சம்பளத்தை வங்கி போன்ற அமைப்புகள் வழியாகவே கொடுக்கச் செய்தார்கள். பிற்பாடு வீட்டுப் பணியாளர்களில் சில பிரிவினருக்கும் அதை விரிவாக்கினார்கள். முதலாளியின் வீட்டுக்குள்ளேயே தங்கி, வெளியே போகவும் முடியாமல் வேலை செய்பவருக்கு, பல மாதச் சம்பளம் வரவில்லை என்று நிரூபிக்க அப்படி ஒரு பதிவுதான் துணை. ஆகவே, இடத்தையும் ஆளையும் பார்க்காமல் எது மேல் என்று சொல்ல முடியாது என்பதே என் எண்ணம்.

பெரியப்பா, காலை 10:46
முப்பது ஆண்டுகள் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். சம்பளம் கணக்கில் விழுந்துவிட்டால் அந்த அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். கணவர் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை அந்தக் கணக்கிலிருந்தே தானாகப் பிடிக்கப்படுமானால், பணம் விழுந்த அன்றே பாதி போய்விடும். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்ற கட்டணமும் சில கணக்குகளில் உண்டு. பணம் எடுக்கும் இயந்திரம் தொலைவில் இருந்தால், அங்கே போய்வரும் அரை நாளில் அவர் இன்னொரு வீட்டு வேலையை இழக்கிறார். நீ பணம் எடுக்கப் போகும் சிரமத்தைத்தான் தம்பி, இந்த மாற்றத்தால் அவர் தோளுக்கு மாற்றியிருக்கிறாய்.

பெரியப்பா, காலை 10:53
அவரே விரும்பினால் அவர் பெயரில் மட்டும் ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுங்கள். அவருடைய சொந்தக் கைபேசி எண்ணையே அதில் பதியச் சொல்லுங்கள். முதலில் சிறு தொகையை அனுப்பி, வந்து சேர்ந்ததை அவர் வாயால் கேட்ட பிறகு முழுச் சம்பளத்தை அனுப்புங்கள், ஏனென்றால் ஓர் இலக்கம் தவறிப் போன பணத்தை மீட்பது பெரும்பாடு. அனுப்பும்போது எந்த மாதச் சம்பளம் என்று குறிப்பு எழுதுங்கள். அட்டையையோ இரகசிய எண்ணையோ நம்பிக்கையின் பேரில் உங்களிடம் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உதவியாக எடுத்துக் கொடுக்கிறோம் என்று தொடங்கிப் பழியில் முடிந்த கதைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சித்தப்பா, காலை 11:02
கையில் கொடுத்தால் செலவழித்துவிடுவார், கணக்கில் இருந்தால் சேமிப்பாவது நிற்கும் என்று உண்மையாகவே நல்ல எண்ணத்தில்தான் நினைத்தேன் அண்ணா.

பெரியப்பா, காலை 11:06
உன் எண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் என் சம்பளத்தை நான் எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று என் மேலாளர் ஒரு நாளும் சொன்னதில்லை.

நான், காலை 11:14
அதே தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. பணியாளர் தன் கூலியை விருப்பப்படி பயன்படுத்தும் உரிமையை முதலாளி எந்த வகையிலும் கட்டுப்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது.

அத்தை, காலை 11:20
முன்பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் அனுபவத்தில் மனக்கசப்பு வருவது அங்கேதான்.

நான், காலை 11:38
மிகவும் சரி அத்தை. எங்களிடம் வரும் வழக்குகளில் சம்பளமே கொடுக்கவில்லை என்பதைவிட, கணக்கு ஒத்துவரவில்லை என்பவையே அதிகம். அவசரத்துக்குக் கையில் முன்பணம் கொடுக்கிறோம். பிறகு மூன்று மாதம் கணக்கில் போடும் சம்பளத்தில் கழிக்கிறோம். வங்கிப் பதிவில் சம்பளம் குறைந்தது மட்டுமே தெரியும், முன்பணம் கொடுத்தது தெரியாது. நாம் நேர்மையாக நடந்திருந்தாலும் பதிவு நமக்கு எதிராகப் பேசும். நேர்மையற்றவர்கள் கையில் அதே இடைவெளி பணியாளருக்கு எதிராகத் திரும்பும். சில்லறை இல்லை, அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன் என்று விட்ட சிறு தொகைகளும் அப்படித்தான்; நாம் மறந்துவிடுவோம், அவர் மறக்கவும் மாட்டார், கேட்கவும் மாட்டார். 189ஆவது ஒப்பந்தத்தோடு வந்த 201ஆவது பரிந்துரை, ஒவ்வொரு முறை சம்பளம் கொடுக்கும்போதும், மொத்தம் எவ்வளவு, எதற்காக எவ்வளவு பிடித்தம் என்று எளிதில் புரியும்படி எழுதிக் கொடுக்கச் சொல்கிறது. ஒரே மாதிரி இரண்டு நோட்டுகள் போதும். ஒன்று உங்களிடம், ஒன்று அவரிடம். முன்பணம் கொடுத்த தேதி, பிடித்த தொகை, மீதி என்று அவர் முன்னிலையில் எழுதி, வாசித்துக் காட்டி, இரண்டிலும் இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

அண்ணன், காலை 11:45
அக்காவுக்கு நான் மாதந்தோறும் அந்த விவரத்தைக் குரல் பதிவாக அனுப்புகிறேன், ஏனென்றால் அவருக்கு வாசிப்பது கடினம். அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சித்தப்பா, நண்பகல் 12:03
புரிகிறது. நாளை அவரிடம் நான் பேசுகிறேன்.

நான், நண்பகல் 12:07
சித்தப்பா, நீங்கள் பேசுவதைவிடச் சித்தி தனியாகப் பேசினால் நல்லது. காரணம் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். எப்படி வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதும்.

திங்கட்கிழமை

சித்தி, மாலை 6:31
இன்று வேலை முடிந்ததும் அவரை உட்காரவைத்துப் பேசினேன். இரண்டு வழியையும் விளக்கி, எது வேண்டும் என்று கேட்டேன். இப்போதைக்குக் கையிலேயே வேண்டும் என்றார். தன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்க ஆசை இருப்பதாகவும், அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் போட்டால் போதும் என்றும், அது பற்றி வீட்டில் யாரும் கேட்டால் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அந்த வாக்கை நம் எல்லோருக்குமாகச் சேர்த்தே கொடுத்திருக்கிறேன், ஆகவே இங்கு இருப்பவர்களும் காப்பாற்ற வேண்டும். புதன்கிழமை நான் அவரோடு வங்கிக்குப் போகிறேன். அன்றைய சம்பளத்தைப் பிடிக்க மாட்டோம்.

சித்தி, மாலை 6:38
இன்னொன்றையும் சொன்னார். நாம் ஐந்தாம் தேதி கொடுத்து வந்தோம். அவருடைய வீட்டு வாடகை இரண்டாம் தேதி. நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு மாதமும் அந்த மூன்று நாளுக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கிறார். இனி ஒன்றாம் தேதி என்று இரண்டு நோட்டிலும் எழுதிவிட்டேன். அவருடைய நோட்டைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகாமல், தான் வேலை செய்யும் இன்னொரு வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்லி எடுத்துப் போயிருக்கிறார்.

சித்தப்பா, மாலை 6:52
மூன்று நாள் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு முறைகூட நான் கேட்டதில்லை. இரண்டு மாதமாகக் கணவரின் கணக்கில் போட்டதில் அவர் கைக்கு எவ்வளவு வந்தது என்பதையும் கேட்டுச் சொல், அதை என்ன செய்வது என்று இருவரும் பேசலாம்.

சித்தி, மாலை 6:55
கேட்டேன். அதை இங்கே எழுத வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சொல்கிறேன்.