வீட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர்கள் உங்கள் ரேம் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ரேம் வாங்கும்போது காசு எங்கே வீணாகிறது, எங்கே மிச்சமாகிறது என்று ஒரே இடத்தில் எழுதி வைத்தால் புதிதாக அசெம்பிள் செய்பவர்களுக்கு உதவும். நானே தொடங்குகிறேன்.

கோவையில் இன்ஜினீயரிங் படிக்கும் என் அக்கா மகனுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தோம். ரைசன் 5 5600ஜி பிராசஸர், பி450 மதர்போர்டு. தனி கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் இல்லை. கடையில் 16 ஜிபி ஒற்றை ஸ்டிக் (ரேம் பலகை) ஒன்றைக் காட்டினார்கள். 3600 வேகம், மேலே கலர் கலராக லைட். "இப்போ ஒண்ணு போடுங்க தம்பி, பின்னால இன்னொண்ணு சேர்த்துக்கலாம்" என்றார் கடைக்காரர். நான் 3200 வேகத்தில் லைட் இல்லாத 8 ஜிபி ஸ்டிக் இரண்டு கேட்டேன். விலையும் குறைவாகவே வந்தது.

5600ஜி-க்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். 3200 ஸ்டிக் ஒன்றே ஒன்று இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி வரைதான் டேட்டா போய்வர முடியும். இரண்டு ஸ்டிக் இரண்டு சேனலில் (பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையே டேட்டா போகும் தனித்தனிப் பாதை) இருந்தால் 51.2 ஜிபி. கேம் விளையாடும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு ஒற்றை ஸ்டிக்கைத் தலையில் கட்டுவதை நான் எங்கே பார்த்தாலும் எதிர்த்துப் பேசுவேன்.

பொருத்தும்போது: நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். பெரும்பாலும் போர்டிலேயே ஏ2, பி2 என்று பொடி எழுத்தில் இருக்கும். அடுத்தடுத்த ஸ்லாட்டில் போட்டால் பல போர்டுகளில் இரண்டும் ஒரே சேனலில் போய்ச் சேரும். அப்படியானால் இரண்டு ஸ்டிக் வாங்கியதற்குப் பலனே இல்லை.

அப்புறம் பயாஸ், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் போர்டில் திறக்கும் அமைப்புத் திரை. அவனுடைய கம்ப்யூட்டர் முதலில் 2400-ல்தான் ஓடியது. பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும் பல ஸ்டிக்குகள் அந்த வேகத்துக்குத் தானாக ஏறாது. பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும் வேக அமைப்பு) ஆன் செய்ய வேண்டும். சில போர்டுகளில் அதே அமைப்பு டிஓசிபி என்றோ ஏ-எக்ஸ்எம்பி என்றோ இருக்கும். ஆன் செய்தபின் விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் 3200 காட்டியது. சிபியு-இசட் மென்பொருளில் 1600 என்று வந்தால் பயப்பட வேண்டாம், ஒரு துடிப்புக்கு இரண்டு முறை டேட்டா போவதால் அதை இரட்டித்துக்கொள்ள வேண்டும். 16 ஜிபி போட்டு 15.4 மட்டுமே பயன்படும் என்று வந்தாலும் ஸ்டிக்கில் குறை இல்லை. கிராபிக்ஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்டது அது.

இந்த வேலையே வேண்டாம் என்பவர்கள், மேலே தகடு எதுவும் இல்லாமல் வெறும் பலகையாக வரும் 3200, சிஎல்22 (ரேம் பதில் தர எடுக்கும் தாமதத்தின் அளவு), 1.2 வோல்ட் ஸ்டிக்கைக் கேளுங்கள். போர்டும் பிராசஸரும் 3200-ஐ ஏற்பதாக இருந்தால் பயாஸைத் தொடாமலே அந்த வேகத்தில் ஓடும். ஆபீஸ் வேலைக்கும் படிப்புக்கும் அது தாராளம்.

*

நல்ல பதிவு அண்ணா. நான் திருநெல்வேலி. என் அனுபவம் பழைய கம்ப்யூட்டரில்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர், எச்81 போர்டு இருக்கிறது. ஆன்லைனில் 8 ஜிபி டிடிஆர்3 (டிடிஆர்4-க்கு முந்தைய தலைமுறை ரேம்) பாதி விலைக்குக் கிடைத்தது என்று வாங்கிக்கொண்டு வந்தார். போட்டதும் டிஸ்ப்ளே வரவில்லை. ரப்பர் வைத்துத் துடைத்தோம், ஸ்லாட்டை மாற்றினோம், பேட்டரியைக் கழற்றி சிமாஸை (சேமித்த பயாஸ் அமைப்புகளை) கிளியர் செய்தோம். அசையவில்லை. என் பழைய ஏஎம்டி கம்ப்யூட்டரில் போட்டால் உடனே வேலை செய்தது!

அப்புறம்தான் அந்த விளம்பரத்தின் கீழே 'ஏஎம்டி மட்டும்' என்று இருந்ததைப் பார்த்தோம். இப்படி மலிவாக வரும் டிடிஆர்3 ஸ்டிக்குகளில் இருக்கும் சிப் அமைப்பை இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்கள் ஏற்காது. வெளியே பார்த்தால் சாதாரண ஸ்டிக் மாதிரியேதான் இருக்கும், சிப்பை எண்ணினாலும் கண்டுபிடிக்க முடியாது. லேபிளையும் விளம்பரத்தையும் முழுக்க வாசிப்பது ஒன்றே வழி. அண்ணன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் 4 ஜிபி இரண்டு வாங்கினார். இன்றுவரை நன்றாக ஓடுகிறது.

*

சர்வர் ரேம் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும், நானே சொல்கிறேன். கழித்துக் கட்டிய சர்வர்களிலிருந்து வரும் 16 ஜிபி, 32 ஜிபி ஸ்டிக்குகள் மலிவாகக் கிடைக்கும். அதில் ஈசிசி ரெஜிஸ்டர்டு (பிழைதிருத்தும் சர்வர் வகை) என்று இருந்தால் சாதாரண வீட்டு போர்டில் ஓடாது. நான் ஜியான் (இன்டெலின் சர்வர் வகை) பிராசஸர் போட்ட எக்ஸ்99 போர்டில் அதைத்தான் பயன்படுத்துகிறேன். நான்கு சேனல், வீடியோ எடிட்டிங்குக்கு அருமை. போர்டையும் சேர்த்துத் திட்டமிடுபவர்களுக்கு மட்டும் இது சரிவரும்.

*

மதுரையில் சின்னதாக டிடிபி வேலை செய்கிறேன். ஓடுகிறதா என்பதோடு ரேம் விஷயத்தை முடித்துக்கொள்ளாதீர்கள் என்று இங்கே எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

செகண்ட் ஹேண்டில் இரண்டு ஸ்டிக் வாங்கி ரைசன் 3 1200-ல் போட்டிருந்தேன். விண்டோஸ் வந்தது, பிரவுசர் வந்தது, எல்லாம் சரி. ஆனால் பெரிய ஜிப் ஃபைலைப் பிரித்தால் பிழை காட்டும். பிரின்டுக்கு அனுப்பவேண்டிய போட்டோஷாப் ஃபைல் ஒன்று திறக்கவே இல்லை. எப்போதாவது நீலத்திரை. ஹார்டு டிஸ்க்தான் போகிறது என்று இரண்டு பேர் அடித்துச் சொன்னார்கள்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருள் இலவசம். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரையெல்லாம் சிவப்பு வரிகள். எக்ஸ்எம்பி-யை ஆஃப் செய்து, ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே போட்டு மறுபடி ஓட்டினேன். ஒன்றில் பிழையே இல்லை, இன்னொன்றில் ஒரே முகவரியில் திரும்பத் திரும்பப் பிழை. விற்றவர் நல்ல மனிதர், திரையைப் போட்டோ எடுத்து அனுப்பியதும் மாற்றிக் கொடுத்தார்.

புது ஸ்டிக் வந்தபின் எக்ஸ்எம்பி ஆன் செய்தால் 3200-ல் மறுபடி சில பிழைகள். இந்த முறை காரணம் பிராசஸர். முதல் தலைமுறை ரைசனுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்வதே 2666 வரைதான். 2933-க்கு இறக்கினேன், மெம்டெஸ்ட் முழுச் சுற்றும் பிழையில்லாமல் முடிந்தது. வேலையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஃபைல் கெடாமல் இருப்பதுதான் எனக்கு வேகம். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கட்டாயம் டெஸ்ட் செய்துவிடுங்கள், புது ரேமாக இருந்தாலும்.

*

மதுரை நண்பர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய வேகத்தை எல்லோரும் பார்த்தோம். உலகத்தில் டிராம் சிப்பில் (ரேம் ஸ்டிக்கில் இருக்கும் மெமரி சிப்) பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள். ஏஐ டேட்டா சென்டர்களின் தேவைக்கு அந்தச் சிப்புகள் போகத் தொடங்கியதும் நம் பக்கம் வருவது குறைந்தது. க்ரூசியல் பெயரில் நாம் வாங்கிக்கொண்டிருந்த சில்லறை ரேமை நிறுத்துவதாகவே 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட் போர்டும் டிடிஆர்4 ரேமும் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்கு மாற வேண்டாம் என்பேன். அதில் டிடிஆர்5 மட்டும்தான் போட முடியும், கையிலிருக்கும் ஸ்டிக் உதவாது. டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் பின் 288தான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அழுத்தி நுழைக்கப் பார்த்தால் ஸ்லாட்தான் உடையும்.

இன்டெல் 12-ஆம் தலைமுறையில் இரண்டு வகை போர்டும் உண்டு. பழைய டிடிஆர்4 ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு ஐ3 12100-உம் டிடிஆர்4 எச்610 போர்டும் நல்ல சேர்க்கை.

*

அண்ணா, என்னிடம் ஏற்கெனவே 8 ஜிபி ஒன்று இருக்கிறது. கூட 4 ஜிபி போட்டால் டூயல் சேனல் வராது என்கிறார் கடைக்காரர். உண்மையா?

*

இன்டெல் என்றால் பாதி உண்மை தம்பி. இரண்டிலும் உள்ள முதல் 4 ஜிபி சேர்ந்து டூயல் சேனலாக ஓடும், 8 ஜிபி ஸ்டிக்கில் மிச்சமிருக்கும் 4 ஜிபி சிங்கிளாக ஓடும். வேகம் மட்டும் இரண்டில் மெதுவான ஸ்டிக் எதுவோ அதற்கு இறங்கிவிடும். 8 ஜிபி-யே கட்டுப்படியானால் அதையே வாங்கு. கடைக்குப் போகும்போது பழைய ஸ்டிக்கையும் கொண்டுபோய் லேபிளைக் காட்டிக் கேள்.