மதில் மேல இருந்த பூனை எங்க?

குழு: செஞ்சி வீட்டு ஆளுங்க
ஞாயிறு

கவின் (வேலூர்) 9:12: நிலா நீ ஒரு துரோகி

கவின் 9:12: எல்லாரும் பாருங்க. நேத்து ராத்திரி என் கோட்டைல டிஎன்டி வெடி வச்சிட்டா

கவின் 9:13: [படம்]

சுமதி அத்தை 9:15: டேய் பல்லு விளக்கிட்டியா முதல்ல

செந்தில் 9:16: என்னடா படம் இது, ஒரே கருப்பா இருக்கு

கவின் 9:16: மைன்கிராஃப்ட் கேம் மாமா. அதுல நான் கட்டுன வேலூர்க் கோட்டை. நடுவுல ஓட்டை தெரியுதா? ஒரு மாசமா கட்டுனேன். ஒவ்வொரு கல்லையும் உலைல சுட்டு செங்கல்லாக்கி அடுக்குனது

பிரபு (பெங்களூர்) 9:20: நீங்க சேந்து விளையாடுற அந்த ரெல்முக்கு (ஆன்லைன் உலகத்துக்கு) மாசாமாசம் சந்தா கட்டுறது நானு. உங்களுக்குள்ள பஞ்சாயத்துன்னா எனக்கு முதல்ல சொல்லணும்

நிலா 9:31: இப்பதான் எழுந்தேன். என்ன உளறிட்டு இருக்கான்

நிலா 9:32: நேத்து ராத்திரி எங்க வீட்ல கரண்டே இல்ல. போன்ல சார்ஜ் 4 பர்சென்ட். அப்பாவைக் கேளு

செந்தில் 9:33: ஆமா. 8 மணிக்குப் போச்சு, 12-க்குதான் வந்துச்சு. கொசுக்கடி வேற

கவின் 9:34: மாமா அவளுக்குதான் சப்போர்ட் பண்ணுவாரு

தாத்தா 9:40: சத்தம் வேண்டாம். இருவரும் உள்ளதைச் சொல்லுங்கள். கவின், நடந்தது என்ன?

கவின் 9:43: தாத்தா, படுக்கைல இருந்து எழுந்தேன். கதவைத் திறந்தேன். ஸ்ஸ்ஸ்னு சத்தம். டமால். அவ்வளவுதான். அவளுக்குப் பொறாமை. என் அகழி மாதிரி அவகிட்ட இல்ல

நிலா 9:44: அகழியாம். எனக்கு எதுக்குடா அகழி, நான் கட்டுனது செஞ்சிக் கோட்டையோட ராஜகிரி. மலையே மதிலு

தாத்தா 9:47: அது உண்மை. நிசத்திலும் ராஜகிரி 800 அடி. 1690-இல் தொடங்கிய மொகலாயர் முற்றுகை 1698-இல்தான் முடிந்தது. அதற்குள் உள்ளே இருந்த மராத்திய மன்னர் ராஜாராம் தப்பிவிட்டார்.

கவின் 9:48: தாத்தா நீங்க செஞ்சிக்காரர், தீர்ப்பு சொல்லக் கூடாது

பாட்டி 9:49: [குரல் செய்தி, 0:41]

சுமதி அத்தை 9:51: அம்மா, மாங்கா இங்கயே கிலோ 60-க்கு கிடைக்குது, பஸ்ல எல்லாம் போட்டு விட வேணாம்

நிலா 9:55: ஓட்டையைப் பெருசு பண்ணிப் பாத்தேன். உங்க ஆளு மதில் ஓரமெல்லாம் தண்ணி விட்டிருக்கான். தண்ணிக்குள்ள டிஎன்டி வெடிச்சா ஒரு கல்லு கூடப் பேராது. அப்ப மதிலைத் தாண்டி உள்ள வந்து வச்சேனா? எப்படி? ஒரே வாசல், அதையும் மூடி வச்சிருக்க

நிலா 9:56: இன்னொண்ணு. ஒரு டிஎன்டிக்கு 5 வெடிமருந்து, 4 மணல் வேணும். என் பெட்டில வெடிமருந்து மொத்தமே ரெண்டுதான். வந்து எண்ணிக்கோ

கவின் 9:57: ஒளிச்சு வச்சிருப்ப

நிலா 9:58: சரி ஒண்ணு சொல்லு. ஸ்ஸ்ஸ்னு எவ்வளவு நேரம் கேட்டுச்சு

கவின் 9:59: உடனே டமால். ஒரு செகண்ட் இருக்கும்

நிலா 9:59: டிஎன்டின்னா 4 செகண்ட் கேக்கும். ஒண்ணு, ஒண்ணரை செகண்டுனா கிரீப்பர்

பிரபு 10:00: அட வக்கீலம்மா

சுமதி அத்தை 10:01: கிரீப்பர்னா?

பிரபு 10:03: பச்சையா, கையில்லாம, நாலு காலோட ஒண்ணு வரும்க்கா. பக்கத்துல வந்து சீறிட்டு வெடிச்சிடும். கேம் செஞ்சவங்க பன்னி செய்யப் போயி நீளத்தையும் உயரத்தையும் மாத்திப் போட்டதுல வந்த உருவம் அது

பாட்டி 10:05: பிள்ளையார் பிடிக்க குரங்கா ஆன கதையா

கவின் 10:06: கிரீப்பர் என் கோட்டைக்கு வராது. பூனை வச்சிருக்கேன். பூனையைப் பாத்தா கிரீப்பர் ஓடிடும். வாசல் மதில் மேல உக்கார வச்சிருக்கேன், நீலப் பட்டை கட்டி. பச்சை மீன் குடுத்துப் பழக்குனது

தாத்தா 10:08: படத்தில் வாசல் மதில் தெரிகிறது. பூனை இல்லையே?

கவின் 10:12: வெடிச்சதுல பயந்து ஓடிருக்கும் தாத்தா

நிலா 10:13: உக்கார வச்ச பூனை இடத்தை விட்டு அசையாது. இருங்க, நான் உள்ள போயிட்டு வரேன்

சுமதி அத்தை 10:20: கேஸ்காரர் போன் நம்பர் யார்கிட்டயாவது இருக்கா

செந்தில் 10:21: தனியா அனுப்புறேன்

நிலா 10:34: [படம்]

நிலா 10:34: [படம்]

நிலா 10:35: முதல் படம், என் மலை உச்சி. பாலத்துக்கு இந்தப் பக்கம் நிக்குதே ஒரு பூனை, கழுத்துல என்ன கலர் பட்டை அத்தை?

சுமதி அத்தை 10:36: நீலம் மாதிரி இருக்கு

நிலா 10:37: ரெண்டாவது படம், பாலத்துக்குக் கீழ பிளவு. அடியில கிடக்குற கடப்பாரைக்கு “வேலூர் வீரன்”னு பேர் வச்சிருக்கு. கூடவே 9 ரொட்டி, என் களஞ்சியத்துல இருந்த 31 கேரட்டு

பிரபு 10:38: ஹாஹாஹாஹா

கவின் 10:38: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

செந்தில் 10:39: எனக்கு ஒண்ணும் புரியல

நிலா 10:42: அப்பா, இவன் ராத்திரி வேவு பாக்க வந்திருக்கான். வழியில கிரீப்பர் வந்தா விரட்ட பூனையையும் கூட்டிட்டு. திரும்புறப்ப இருட்டுல பாலத்துல கால் வழுக்கிட்டு. 23 பிளாக் உயரத்துல இருந்து விழுந்தா முழு உயிரும் போயிடும். நான் 25 தோண்டி வச்சிருக்கேன்

பிரபு 10:43: செத்தா படுக்கைலதான் எழுந்திருப்பான். அதான் “படுக்கைல இருந்து எழுந்தேன்”

நிலா 10:44: தூங்கி எழுந்திருந்தா விடிஞ்சிருக்கும். படத்துல கும்மிருட்டு. எனக்கு அப்பவே டவுட்டு

பிரபு 10:45: மதில் மேல் பூனை எந்தப் பக்கம் குதிச்சதுன்னு தெரிஞ்சு போச்சு

சுமதி அத்தை 10:46: கவின்???

கவின் 10:52: சும்மா எத்தனை மாடம் வச்சிருக்கான்னு எண்ணத்தான் போனேன்

கவின் 10:52: கேரட்டு வழியில கிடந்துச்சு

நிலா 10:53: பெட்டிக்குள்ள கிடந்துச்சு

தாத்தா 10:58: கவின், முற்றுகை இடுபவன் சூடுவது உழிஞைப் பூ. கோட்டையைக் காப்பவன் சூடுவது நொச்சி. நீ ஒரே இரவில் இரண்டையும் சூடப் பார்த்திருக்கிறாய். மொத்தம் எத்தனை கல் போயிற்று?

கவின் 11:00: 16 தாத்தா

பிரபு 11:01: ஒரு கரிக்கு 8 கல்லு சுடலாம். ரெண்டு கரிக்காடா காலங்காத்தால துரோகி அது இதுன்னு

கவின் 11:01: அது கரி விஷயம் இல்ல மாமா

தாத்தா 11:05: அந்தப் பாலத்தில் தடுமாறியது நம் வீட்டில் நீ முதல் ஆளில்லை. சுமதிக்கு ஒன்பது வயதில் நிஜ ராஜகிரிக்குக் கூட்டிப் போனேன். பாலத்தருகே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் வரவே இல்லை. முறுக்குப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சுமதி அத்தை 11:06: அப்பா இதெல்லாம் இப்ப எதுக்கு

செந்தில் 11:06: முறுக்கை எங்களுக்கும் குடுக்கல

கவின் 11:09: நிலா, பூனையை அனுப்பி விடு

நிலா 11:10: எப்படி அனுப்புறது? அது உன் பின்னாடி மட்டும்தான் வரும். நீயே வா. பகல்ல வா

கவின் 11:10: கேரட்டை நீயே எடுத்துக்கோ. பாலம் போட்டு வச்சிருக்கியா?

நிலா 11:14: வந்து பாரு