நெட்ஹேக்: பேர் தெரியாத ஸ்க்ரோலைப் படிக்கிறதா, விக்கிறதா, சுமந்துக்கிட்டே திரியிறதா?

குழிப்பணியாரம்:

நெட்ஹேக் கணினி விளையாட்டு, வெர்ஷன் 3.6.6. மனித வால்கிரி (வாள் வீராங்கனை பாத்திரம்), லெவல் 8. மைன்ஸ்ங்கிற சுரங்கக் கிளையில இருக்கிற ஊரான மைன்டவுன்ல நிக்கிறேன். ஜெனரல் ஸ்டோர் இருக்கு, கோயிலும் பூசாரியும் பத்திரமா இருக்காங்க. கையில ஒன்பது ஸ்க்ரோல் (படிச்சா மந்திரம் வேலை செய்யற தாள்), ஆறு வகை. லேபிள்தான் தெரியுது, எது என்ன செய்யும்னு தெரியாது. ஒண்ணையும் இன்னும் படிக்கல. கடையில ஒவ்வொண்ணா கீழே வச்சு, விலையை மட்டும் கேட்டுட்டு, விக்காம திரும்ப எடுத்துக்கிட்டேன். ஒரு ஸ்க்ரோலுக்கு கடைக்காரர் சொன்னது இது:

யம் யம் (3 இருக்கு): 10
கிர்ஜே (2): 40
டெமோவ் (1): 30
எலாம் எபோ (1): 50
ரீட் மீ (1): 50
பிரத்யவாயா (1): 100

இது போக, மைன்ஸ்ல ஒரு தளம் மேலே "தார்"னு லேபிள் போட்ட ஒண்ணு தரையில கிடக்கு. ஸ்கேர் மான்ஸ்டரா (மான்ஸ்டரை விரட்டற ஸ்க்ரோல்) இருந்தா எடுக்கக் கூடாதுன்னு கேள்விப்பட்டதால தொடல.

எதைப் படிக்கலாம், எந்த வரிசையில? வால்கிரிக்கு வாளே போதும், ஸ்க்ரோலெல்லாம் வித்துக் காசாக்குன்னும் சிலர் சொல்றாங்க. அது சரியா?

---

பாதாளக்கரண்டி:

வித்துடாதீங்க. பாதி வேலையை ஏற்கெனவே முடிச்சுட்டீங்க, மீதியையும் முடிச்சுடலாம்.

கடைக்காரர் வாங்கும்போது பெரும்பாலும் அடிப்படை விலையில பாதி சொல்வார். சில சமயம் மூணில் ஒரு பங்குதான் சொல்வார். அதை வச்சுத் திருப்பிக் கணக்குப் போட்டா:

10 சொன்னா அடிப்படை விலை 20. அந்த விலையில இருக்கிறது ஐடென்டிஃபை (வேற பொருள் என்னன்னு காட்டறது) மட்டும்தான். யம் யம் முடிஞ்சது.

30 சொன்னா 60. அந்த விலையில என்சான்ட் வெப்பன் (ஆயுதத்தோட + எண்ணை ஏத்தறது) இருக்கு, வெற்றுத் தாளும் இருக்கு. வெற்றுத் தாளுக்கு லேபிளே இருக்காது, அதனால டெமோவ் என்சான்ட் வெப்பன்.

40 சொன்னா 80. என்சான்ட் ஆர்மர் (கவசத்தோட + எண்ணை ஏத்தறது) அல்லது ரிமூவ் கர்ஸ் (சாபம் நீக்கறது). ரெண்டுமே நல்லதுதான்.

50 சொன்னா 100. இதுதான் பெரிய கும்பல்: கன்ஃப்யூஸ் மான்ஸ்டர், டிஸ்ட்ராய் ஆர்மர், ஃபயர், ஃபுட் டிடெக்‌ஷன், கோல்ட் டிடெக்‌ஷன், மேஜிக் மேப்பிங், ஸ்கேர் மான்ஸ்டர், டெலிபோர்டேஷன்.

100 சொன்னதுலதான் சிக்கல். 200-ல பாதியும் 100, 300-ல மூணில் ஒரு பங்கும் 100. பிரத்யவாயாவை இன்னும் ரெண்டு மூணு தடவை கீழே வச்சுக் கேளுங்க. ஒரு தடவையாவது 150 வந்தா 300. 67 பக்கம் வந்தா 200. (பேரைப் பார்த்து தோஷம்னு பயப்பட வேணாம், லேபிள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கலைச்சுப் போடறதுதான்.)

அடுத்தது கோயில். எல்லாத்தையும் பலிபீடத்து மேல போடுங்க. கறுப்பா மின்னினா சாபம், மஞ்சளா மின்னினா ஆசி, எதுவும் மின்னலைன்னா சாதாரணம். சாபம் பிடிச்சதைத் தனியா ஒதுக்கிடுங்க. சாபம் பிடிச்ச என்சான்ட் ஆர்மர் கவசத்துல ஒண்ணைக் குறைக்கும், ரிமூவ் கர்ஸ் பலனே இல்லாம பொடிஞ்சு போகும்.

இனி படிக்கிற வரிசை. கடைக்குள்ள எதையும் படிக்காதீங்க. தெருவுக்கு வந்துடுங்க.

முதல்ல டெமோவ். நீளவாளைக் கையில பிடிச்சுக்கிட்டுப் படிங்க, நீலமா ஒளிரும். ஆயுதம் +5 வரைக்கும் பயமில்லாம படிக்கலாம். அதைத் தாண்டினதுக்கு அப்புறம் படிச்சா மூணுல ரெண்டு தடவை ஆயுதமே ஆவியாயிடும்.

ரெண்டாவது கிர்ஜே. என்சான்ட் ஆர்மரா இருந்தா எதுல ஏறும்ங்கிறதுதான் இங்க விஷயம். மேலங்கி போட்டிருந்தா முதல்ல அதைத்தான் பார்க்கும், இல்லைன்னா உடல் கவசம். ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், கேடயம் இதுல எது போட்டிருந்தாலும் ஒவ்வொண்ணுக்கும் நாலுல ஒரு வாய்ப்பு. அதனால எதை ஏத்தணுமோ அதை மட்டும் போட்டுக்கிட்டு மத்ததைக் கழட்டிடுங்க. +3 வரைக்கும் ஆபத்தில்லை, எல்ஃப் கவசம்னா +5 வரை. வால்கிரியோட சின்னக் கேடயம் ஆரம்பத்திலேயே +3, அதுல ஒரு தடவை ஏத்தலாம், அப்புறம் தொடாதீங்க. வெள்ளியா ஒளிர்ந்தா என்சான்ட் ஆர்மர். யாரோ உதவி செய்யற மாதிரி இருக்குன்னு செய்தி வந்தா ரிமூவ் கர்ஸ். அப்படி வந்தா ரெண்டாவதைப் படிக்காம வச்சுக்கோங்க.

மூணாவது அந்த 50 ரெண்டும். இங்க பயப்பட வேண்டியது டிஸ்ட்ராய் ஆர்மரும் ஃபயரும். டிஸ்ட்ராய் ஆர்மரும் மேலங்கியைத்தான் முதல்ல பிடிக்கும். மைன்ஸ்ல செத்த குள்ளர்கள் ஹூடட் க்ளோக் (ஒரு மேலங்கி) விட்டுட்டுப் போயிருப்பாங்க, சாபம் இல்லாத ஒண்ணை மேலே மாட்டிக்கோங்க. ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், கேடயத்தைக் கழட்டிட்டா, போனா அதுதான் போகும். கிர்ஜே படிக்கும்போது க்ளோக்கைக் கழட்டணும், இதைப் படிக்கும்போது மாட்டணும். இந்த இடத்துலதான் நிறைய பேர் மாத்திச் செஞ்சுடறாங்க. ஃபயர்ல உங்க உடம்புக்குப் பெரிய சேதம் இல்லை, ஆனா கையில இருக்கிற மத்த ஸ்க்ரோலும் போஷனும் எரியலாம். ஒரு சாக்குக்குள்ள போட்டுடுங்க, இல்லைன்னா ரெண்டு மூணு கட்டம் தள்ளி வச்சுட்டு வந்து படிங்க.

ஐடென்டிஃபை மூணையும் கடைசிக்கு வைங்க. படிச்சா தானே தெரிஞ்சுடற ஸ்க்ரோலுக்கு அதைச் செலவழிக்கிறது வீண். மோதிரம், தாயத்து, மந்திரக்கோல் கிடைக்கும்போது பயன்படும்.

---

ஏழரை:

இவ்வளவு சடங்கு எதுக்கு? மைன்டவுன்ல கடைக்காரர் உயிரோட இருந்து, பலிபீடமும் கிடைச்சா சரி. அது இல்லாத ஆட்டத்துல 20-ம் தளம் வரைக்கும் சுமந்துக்கிட்டுப் போய் சாகறவங்கதான் அதிகம். படிக்காத டெலிபோர்ட்டும் வெறும் காகிதமும் ஒண்ணு. எந்த லேபிளா இருந்தாலும் ரெண்டுக்கு மேல சேர்ந்தா ஒண்ணைப் படிச்சுடுங்க. பொதுவா ஸ்க்ரோல்ல நூத்துக்கு 18 ஐடென்டிஃபைதான், அதனால நிறைய சேர்ற லேபிள் பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும்.

ஒரே ஒரு அடிப்படை விலையை மட்டும் கண்ணை மூடிக்கிட்டு ஒதுக்குங்க, 200. அம்னீஷியா, க்ரியேட் மான்ஸ்டர், எர்த், டேமிங் நாலும் அதுலதான். அம்னீஷியா டேமிங்கை விட ரெண்டு மடங்குக்கு மேல வரும். படிச்சா வரைபடமும் போச்சு, கண்டுபிடிச்ச பொருள் பேரும் போச்சு. சொகோபான்ங்கிற பாறை தள்ற புதிர்க் கிளையோட முதல் தளத்துல ஆரம்பத்திலேயே எர்த் ஸ்க்ரோல் கிடக்கும், அந்த லேபிளைப் பார்த்து வச்சுக்கிட்டா 200-ல ஒரு நல்லது படிக்காமலே தெரிஞ்சுடும்.

அப்புறம், உங்க எலாம் எபோ, ரீட் மீ ரெண்டுமே ஸ்கேர் மான்ஸ்டர் இல்லை. கடையில கீழே வச்சு ரெண்டாம் தடவை எடுத்தீங்க, தூளாகல. கரண்டி அதைக் கவனிக்கல போல.

---

பாதாளக்கரண்டி:

@ஏழரை கவனிக்கலதான், நன்றி. ஆனா ஒரு ஓட்டை இருக்கு. ஸ்கேர் மான்ஸ்டர் விதி: சாபம் பிடிச்சதா இருந்தா முதல் தடவை எடுக்கும்போதே தூள். சாதாரணம்னா முதல் தடவை சரி, ரெண்டாம் தடவை தூள். ஆசி பெற்றதுன்னா முதல் தடவை ஆசி மட்டும் போகும், ரெண்டாம் தடவையும் தப்பிக்கும், மூணாவதுதான் தூள். ஆசியோட கிடந்த ஒண்ணை எடுத்திருந்தா இன்னமும் அது ஸ்கேர் மான்ஸ்டரா இருக்கலாம். வாய்ப்பு குறைவு.

@குழிப்பணியாரம் இதனால பலிபீடத்துலயும் கவனம். அங்க போட்டு எடுக்கறதும் ஒரு தடவை எடுக்கறதுதான். அந்த ரெண்டுல ஒண்ணு அங்க தூளானா கவலைப்படாதீங்க, அந்த லேபிள் எதுன்னு இலவசமாத் தெரிஞ்சுடுச்சு.

"தார்" விஷயம்: ஆட்டோபிக்கப்பை (மேலே நடந்தாலே பொருளை எடுத்துக்கற வசதி) அணைச்சுட்டு, எடுக்காம விடுங்க. சாதாரண எதிரி மான்ஸ்டர் ஏதாவது அந்தக் கட்டத்து மேல நடந்து போனா அது ஸ்கேர் மான்ஸ்டர் இல்லை, எடுத்துக்கலாம். உங்க பூனை நடக்கறதை வச்சு முடிவு பண்ணாதீங்க, வளர்ப்புப் பிராணி அதைப் பொருட்படுத்தாது. இன்னொரு வழி, ஏதாவது கடையில விற்பனைக்கு அதே லேபிள் கிடந்தா, எடுக்காம மேலே போய் நின்னாலே விலை தெரியும். கரிஸ்மா (உங்க பாத்திரத்தோட கவர்ச்சி எண்) 11-லிருந்து 15-க்குள்ளன்னா 100 இல்லைன்னா 133 காட்டும், அப்போ அது நூறு ரூபாய்க் கும்பல்.

இது கிடைச்சா விக்கிறது பாவம். கீழே போட்டு மேலே நின்னா பெரும்பாலான மான்ஸ்டர் கிட்ட வந்து அடிக்காது. 3.6-ல மான்ஸ்டரை விரட்ட தரையில எழுதற எல்பெரெத்ங்கிற சொல், நீங்க அதுல நின்னுக்கிட்டு வாளை வீசினதும் அழிஞ்சுடும். இது அழியாது. படிக்கட்டு மேல எல்பெரெத் எழுத முடியாது, ஸ்க்ரோலைப் போடலாம். படிக்கட்டுல நின்னு அடிச்சு, தாங்கலைன்னா மாடி ஏறிடலாம். தூரத்திலிருந்து வர்ற அம்பு, கதிர் எதையும் இது தடுக்காது. ஏஞ்சல், ரைடர்கள், யெண்டோர் மந்திரவாதி மதிக்க மாட்டாங்க. இதைப் படிக்கவே படிக்காதீங்க. படிச்சா அப்போதைக்குக் கொஞ்சம் பேர் ஓடுவாங்க, அவ்வளவுதான்.

---

குழிப்பணியாரம்:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். பிரத்யவாயாவை நாலு தடவை வச்சேன்: 100, 150, 150, 150. அப்போ 300. பீடத்துல மின்னவே இல்லை, சாதாரணம். படிக்கலாமா?

---

மைத்துளி:

300-ல நாலு: சார்ஜிங், ஜெனோசைட், பனிஷ்மென்ட், ஸ்டிங்கிங் க்ளவுட். சாபம் இல்லைன்னு உறுதியானதால படிக்கலாம். ஆனா படிக்கும் முன்னாடி ஒவ்வொண்ணுக்கும் பதில் தயாரா இருக்கணும், ஏன்னா நாலுல மூணு உங்களைக் கேள்வி கேக்கும்.

பனிஷ்மென்ட் மட்டும்தான் கேக்காது. காலில் இரும்புக் குண்டும் சங்கிலியும் மாட்டும். ரிமூவ் கர்ஸ் படிச்சா கழண்டுடும். அதனால கிர்ஜேயில மிச்சம் வச்சது ரிமூவ் கர்ஸ்னா கையில இருக்கட்டும்.

ஸ்டிங்கிங் க்ளவுட் எங்க போடணும்னு கேக்கும். உங்களை விட்டுத் தள்ளி வைங்க.

சார்ஜிங் எதை நிரப்பணும்னு கேக்கும். அப்போ கையில மந்திரக்கோலே இல்லைன்னா ஸ்க்ரோல் போனது போனதுதான். ஒரு டிக்கிங் கோலாவது (தோண்டற மந்திரக்கோல்) கிடைக்கற வரைக்கும் படிப்பைத் தள்ளிப் போடலாம்னு சொல்வேன். அவசரம் ஒண்ணும் இல்லை, ஸ்க்ரோல் எடை வெறும் 5.

ஜெனோசைட் வந்தா எந்த இனத்தை அழிக்கணும்னு கேக்கும். சாதாரணம்னா ஒரே ஒரு இனம். மாஸ்டர் மைண்ட் ஃப்ளேயர்னு எழுதறது தப்பாகாது, மூளையைத் தின்னு புத்தி எண்ணைக் குறைச்சு ஒரே சண்டையில கொல்லக்கூடியது அது. ஆசி பெற்றதா இருந்தா, திரையில ஒரே எழுத்தால காட்டற மான்ஸ்டர் வகையே போகும். அப்போ சிலர் லிச்சுகளுக்கு பெரிய எல் போடுவாங்க, சிலர் கடல் பிராணிகளுக்கு அரைப்புள்ளி. ஆசி பண்ணணும்னா புனித நீர்ல ஒரு முக்கு முக்கினா போதும். உங்ககிட்ட ஒரு குப்பி இருந்தா இதுக்குச் செலவழிக்கலாம்.

இதுல செத்தவங்க ரெண்டு விதம். குழம்பின நிலையில படிச்சா உங்க இனத்தையே அழிச்சுடும், ஆட்டம் முடிஞ்சது. இன்னொண்ணு குள்ளர் பாத்திரத்துக்கு: மைண்ட் ஃப்ளேயரும் குள்ளரும் ஒரே சின்ன ஹெச் வகை. மைண்ட் ஃப்ளேயரை ஒழிக்கறேன்னு ஆசி பெற்றதுல ஹெச் போட்டா நீங்களும் சேர்ந்து போவீங்க. உங்களுது மனித வால்கிரி, பிரச்சினையில்லை.

குழப்பம் எப்பவுமே கெட்டதில்லை. குழம்பிக்கிட்டு டெலிபோர்டேஷன் படிச்சா அதே தளத்துல இடம் மாறாது, தளமே மாறும். கட்டுப்பாடு இல்லைன்னா எங்க போவீங்கன்னு சொல்ல முடியாது, இப்போ இருக்கறதை விட அதிகபட்சம் மூணு தளம் கீழே. குழம்பிக்கிட்டு என்சான்ட் ஆர்மர் படிச்சா எண் ஏறாது, அந்தக் கவசம் துருப்பிடிக்காததா ஆகும். குழம்பிக்கிட்டு கோல்ட் டிடெக்‌ஷன் படிச்சா தங்கத்துக்குப் பதிலா பொறிகளைக் காட்டும், மேஜிக் போர்ட்டல் உட்பட. பலரும் கண்டுக்காம வித்துடற ஸ்க்ரோல் அது.

கடைசியா, இப்போ தெரிஞ்சுக்கற பேரெல்லாம் மேஜிக் மார்க்கர் கிடைக்கறப்போ காசாகும். தெரிஞ்ச ஸ்க்ரோலை வெற்றுத் தாள்ல தவறாம எழுதலாம். என்சான்ட் ஆர்மருக்கு 8-லிருந்து 15 மை, ஜெனோசைடுக்கு 15-லிருந்து 29. தெரியாததை எழுதினா அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, மையும் தாளும் வீணாகலாம். உதவாத ஸ்க்ரோலை நீரூற்றுல முக்கினா வெற்றுத் தாள். அதனால ஃபுட் டிடெக்‌ஷனைக் கூட தூக்கிப் போடாதீங்க.

---

குழிப்பணியாரம்:

அப்போ பிரத்யவாயாவைக் கோல் கிடைக்கற வரைக்கும் சாக்குல போட்டு வைக்கிறேன். முதல்ல டெமோவ், அப்புறம் க்ளோக் இல்லாம கிர்ஜே, அப்புறம் க்ளோக்கோட மத்த ரெண்டு. டெலிபோர்ட் வந்தா எத்தனை கையில வச்சுக்கணும்?

---

ஏழரை:

ரெண்டு. சாக்குக்குள்ள இல்லை, வெளியில. திறந்து எடுக்கறதுக்குள்ள ஒரு முறை அடி விழும். சொகோபான்லயும் மந்திரவாதி கோபுரத்துலயும் வேலை செய்யாது, அங்க நம்பிப் போகாதீங்க. கண் தெரியாத நிலையில கூட, முன்னாடியே லேபிளைப் பார்த்து வச்ச ஸ்க்ரோலைப் படிக்க முடியும்.