எம்பி2 (கன்னப் பக்க முன் வேரின் இரண்டாவது கால்வாய்) பிடிபடவில்லை, யோசனை வேண்டும்

மேல் முதல் கடைவாய்ப்பல், ரூட் கெனால் பாதியில் நிற்கிறது. மற்ற மூன்று கால்வாய்களும் 25ஆம் எண் ஃபைல் (கால்வாயைச் சுரண்டி அகலமாக்கும் மெல்லிய கம்பி) வரை போட்டு, 3% ஹைப்போகுளோரைட் கிருமிநாசினியில் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்தாயிற்று. கடித்தால் வலி மட்டும் போகவில்லை. எம்பி2 விடுபட்டிருக்கிறது என்றே படுகிறது. அதே வேரின் முதல் கால்வாயான எம்பி1-ஐயும் அண்ணப் பக்கக் கால்வாயையும் சேர்க்கும் கோட்டுக்குச் சற்று முன்னால், டென்டின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல்லின் கடினப் பகுதி) திட்டுக்கு அடியில் அல்ட்ராசோனிக் முனையால் 1 மி.மீ. சுரண்டியதில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது. ஆனால் 8ஆம் எண் ஃபைல் நுழையாமல் நுனி மடங்குகிறது. டென்டினை இளக்கும் 17% ஈடிடிஏ வைத்தும் அப்படியேதான். கண்மூடித்தனமாக ஆழம் போனால் ஓட்டை விழுந்து, காப்பாற்ற வந்த பல்லே போய்விடும்.

சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே) பார்த்துவிட்டுத் தொடர்வதுதான் சரியா? லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) மட்டும் வைத்துச் செய்பவர்கள் எத்தனை மி.மீ.யில் நிறுத்துகிறீர்கள்? இந்த இடத்தில் இன்னும் மெல்லிய 6ஆம் எண் ஃபைலா, விறைப்பான சி ப்ளஸ் ஃபைலா? கைப்பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.